கடைக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டுமா?



குளிர்நாட்டார் தம் கட்டிடங்களைச் சூடாக்கச் செலவிடுகின்றனர். நமக்கு அக்கவலை இல்லை. குளிர்விப்பதுதான் நமது பாடு. கிட்டங்கியைக் கடந்து கல்முனைக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடி முகப்புக் கடைகளைக் காண்கின்றோம். பார்வைக்கு அழகுதான். ஆனால் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வெளியேற்ற நாம் மின்சாரம் வாங்குகின்றோம். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, திறக்க யன்னலில்லாத கட்டிடங்களில் இருந்தவர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு. 1970களிலேயே ஜெப்ரி பாவா கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு இயற்கைக் காற்றோட்டத்தை நம்பிய மாடிக் கட்டிடம் அமைத்தார். 2008இல் துல்கிரியவில் எழுந்த ‘துருலிய’ ஆடைத் தொழிற்சாலை, நீர் ஆவியாகும்போது காற்று குளிரும் முறையைக் கைக்கொண்டது. நம் பகுதியில் கச்சான் வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருப்பதால் அம்முறை பயன்படும். மாரியில் அவ்வளவு பயன் தராது. ஆகவே நமக்கு முதல் மருந்து நிழலே. நம் முன்னோர் விறாந்தையை வீணாகவா இறக்கினார்கள்!

சாதாரண கூரை மின்விசிறிக்கு ஏறத்தாழ 75 வாற்று போதும். ஓர் அறைக் குளிரூட்டிக்கு ஆயிரம் வாற்று வரை வேண்டும். குளிரூட்டி வேண்டிய இடமும் உண்டு, மருந்துக்கடை போல. அங்கும் நிழல் விழுந்த சுவரென்றால் சிறிய இயந்திரமே போதும்.

கடை கட்ட எண்ணும் இளைஞர்கள் அத்திவாரம் வெட்டுமுன் மேசனாரிடம் ஒன்று கேட்கட்டும்: மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும்? அத்திவாரம் போட்டபின் கட்டிடத்தைத் திருப்ப முடியாது.