அன்னமிட்ட மரங்கள்

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில், திருவரங்கத்தவரான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து, இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரணியம் நோக்கி நடந்தனர். அப்பர் பதிகம் பாடித் திருக்கதவம் திறப்பித்த திருமறைக்காடு அதுவே. சுமார் 150 மைல் வழி.

பேரரசின் முன் நூறு பேர் எம்மாத்திரம்? ஆயினும், அவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். சோழவளநாட்டில் அன்னமிடுதல் குற்றமாம்! வழியூர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்து அகன்றனர். தொண்டர் பசியாறி நடந்தனர். ஏப்ரல் 30இல் இராஜாஜி உப்பெடுத்துச் சிறை புகுந்தார்.

பொட்டலம் கட்டியவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இத்திருப்பணிக்குப் பிடியரிசி ஈந்த தாய்மார் பெயர்களும் நம் நன்கொடையாளர் பட்டியலில் இல்லை.