படகு தாங்கும் பாரம்



தில்லியில் வாழும் நமக்கும் படகுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். இந்தியா வாயிலுக்கு அருகேயுள்ள 'போட் கிளப்' என்ற பெயரைக் கேட்டால், நம்மில் மூத்தவர்களுக்குப் படகு நினைவுக்கு வருவதில்லை. 1988-ஆம் ஆண்டில் அந்தப் புல்வெளியில் திரண்ட உழவர் கூட்டமே நினைவுக்கு வருகிறது. யமுனையோ ஆண்டின் பெரும்பகுதி மெலிந்து கிடக்கும் ஆறு. ஆயினும், 2023 ஜூலையில் அவ்வாறு 208.66 மீட்டர் என்னும் வரலாறு காணாத உயரத்துக்குப் பெருகியபோது, இந்நகரின் தெருக்களிலும் படகுகள் செல்ல வேண்டியதாயிற்று.

அது என்றோ நேரும் நிகழ்ச்சி. நாம் படகில் ஏறுவது பெரும்பாலும் பயணங்களின்போதுதான். ஊரிலிருந்து பெற்றோரும் மாமா அத்தையரும் வருகின்றனர். அவர்களைக் காசிக்கும் பிரயாகைக்கும் அழைத்துச் செல்கிறோம். கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றால், பிள்ளைகளை உதகைக்கும் முட்டுக்காட்டுக்கும் தேக்கடிக்கும் கூட்டிச் செல்கிறோம். ஆகவே, ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் குடும்பம் முழுவதும் ஒரே படகில் அமர்ந்திருக்கும் நேரம் ஒன்று வருகிறது. அந்த நேரத்தை முன்னிட்டே இன்றைய பேச்சு.

துறையில் நிற்கும் மோட்டார் படகு, பல வேளைகளில் வயது முதிர்ந்த படகாக இருக்கும். அதன் பக்கப் பலகையில் 'ஆறு பேர்' என்றோ 'பத்துப் பேர்' என்றோ வர்ணத்தில் எழுதியிருப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? அதைக் கணக்கிட்டவர் யார்? கணக்கிட்ட நாளில் இருந்த அதே படகுதானா இன்று நம் முன் நிற்பது? இம்மூன்று வினாக்களையும் நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதலில், படகு எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதைப் பார்ப்போம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்று கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார். ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. நீர்மட்டத்தில் ஆறு சதுர மீட்டர் பரப்புள்ள சிறு படகு ஒன்றில் 60 கிலோ ஏற்றினால், அது ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடுதலாக அமிழும். ஆள் ஒருவர் ஏறினால் ஒரு விரற்கடைகூட அமிழ்வதில்லை. ஆதலால்தான், 'இன்னும் ஒருவர் ஏறலாம்' என்று படகோட்டியும் சொல்கிறார். நாமும் நம்பி விடுகிறோம். அந்தச் சிறிய அளவே பத்து முறை கூடும்போது, நீருக்கு மேல் நிற்கும் விளிம்பின் உயரம் குறைந்து, சாதாரணமாகக் காலைக்கூட நனைக்காத சிற்றலை படகுக்குள் புகுந்து விடுகிறது. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது வண்டிக்கு மட்டும் உரியதன்று.

பெருங் கப்பல்களுக்கு இந்த அளவைக் குறிக்கும் வழக்கம் உலகில் எளிதாக வந்துவிடவில்லை. பிரிட்டனில் அளவு மீறிப் பாரம் ஏற்றிய கப்பல்களோடு மாலுமிகள் மூழ்கி மாண்டு வந்தனர். சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1876-ஆம் ஆண்டில், கப்பலின் புறத்தே பாரக் கோடு தீட்டப்பட வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. ஆயினும், அக்கோட்டை எந்த இடத்தில் இடுவது என்பது அப்போது உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. அந்த இடத்தையும் சட்டமே நிர்ணயிக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. கோடு இருந்தால் மட்டும் போதாது, அதைச் சரியாக இட்டவர் வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். பலகையில் எழுதிய எண்ணுக்கும் இது பொருந்தும்.

சிறு மோட்டார் படகுகளுக்கு அமெரிக்க நாட்டில், 1972 நவம்பருக்குப் பின் கட்டப்பட்டவற்றில், தாங்கும் பாரத்தைக் குறிக்கும் தகடு ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. தகடு இல்லாத பழைய படகுகளுக்கு அந்நாட்டார் எளிய கணக்கொன்றைக் கையாளுகின்றனர். இருபது அடிக்குக் குறைந்த, ஒற்றை உடலமைப்புடைய படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால், ஏறத்தக்க ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். நீளம் 15 அடி, அகலம் 6 அடி என்று கொள்வோம். பெருக்கினால் 90, பதினைந்தால் வகுத்தால் ஆறு பேர். இக்கணக்கு ஆள் ஒருவருக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ என்று வைத்துக்கொண்டு போட்டது; அதுவும் அமைதியான நீர்நிலைக்கு மட்டுமே உரியது.

இதனினும் நுட்பமான கணக்கொன்று உண்டு. அமைதியான நீரில், விளிம்பின் வழியே நீர் உட்புகாமல், படகு எவ்வளவு பாரத்தோடு மட்டமாக அமிழ முடியுமோ, அந்த முழு அளவை முதலில் அறிய வேண்டும். அதிலிருந்து படகின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கே, அமரத்தில் மோட்டார் மாட்டும் படகு ஏற்கத் தக்க பாரம். ஆட்கள், மோட்டார், எரிபொருள், மூட்டை முடிச்சுகள் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். மீதி நான்கு பங்கு வீணாகிறதே என்று எண்ண வேண்டா. அலை எழும்போதும், காற்று மோதும்போதும், ஒருவர் எழுந்து நிற்கும்போதும் படகைக் காப்பது அந்த நான்கு பங்குதான்.

மேலே சொன்ன படகின் முழு அளவு 3,000 கிலோ, சொந்த எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 2,500; அதில் ஐந்தில் ஒரு பங்கு 500 கிலோ. மோட்டாரும் பாட்டரியும் எரிபொருளும் சேர்ந்து 110 கிலோ என்றால், மிஞ்சுவது 390. ஆள் ஒருவருக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேர். முதற் கணக்கு ஆறு என்றது. இரண்டாவது கணக்கு ஐந்து என்கிறது. இரண்டில் குறைந்ததையே கொள்வது அறிவுடைமை.

இவ்வளவும் படகு புதிதாக இருந்த நாளின் கணக்கு. இனி அது பழையதாகும்போது நேர்வதைக் கவனிப்போம். மரப் படகு ஆண்டாண்டாக நீரை உறிஞ்சிக் கனக்கிறது. ஃபைபர் படகிலோ, மிதப்புக்காக அடித்தளத்தில் அடைத்துள்ள நுரைப்பஞ்சு, விரிசல் வழியே நீரைக் குடித்து விடுவது உண்டு. வெளியே பார்ப்பவர்க்கு அது தெரிவதில்லை. பழைய மோட்டார் பழுதுபட்டால், அதைவிடக் கனமான புது மோட்டாரை மாட்டுகிறார்கள். வெயிலுக்காக மேற்கூரை அமைக்கிறார்கள், இருக்கைகளைக் கூட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் சிறு மாறுதல்தான். ஆயினும், நம் படகு நீர் குடித்து 250 கிலோ கூடிவிட்டது என்று வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு 450 ஆகக் குறைகிறது. புது மோட்டார் 40 கிலோ கூடுதலாக இருந்தால், அதற்கும் எரிபொருளுக்கும் 150 போக, மிஞ்சுவது 300 கிலோ. அதாவது நான்கே பேர். பலகையிலோ 'ஆறு பேர்' என்ற எழுத்து புது வர்ணத்தோடு பளிச்சிடுகிறது!

காசியில் இதை நாம் கண்கூடாகக் காணலாம். துடுப்பால் வலிக்கவென்று கட்டிய மரப் படகுகள் பலவற்றில் டீசல் பொறி பொருத்தப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அவற்றுள் பல, அழுத்திய இயற்கை வாயுவில் ஓடும்படி மாற்றப்பட்டன. ஆற்றில் எண்ணெயும் புகையும் குறைவதற்கு இது நல்ல ஏற்பாடே. ஆனால் பொறிக்கும் எடை உண்டு, வாயு உருளைக்கும் எடை உண்டு. ஆதலின், எந்த மாற்றம் செய்தாலும் தாங்கும் பாரத்தைப் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும்.

பழைய படகு ஒன்றை வைத்திருப்பவரும், வாங்க எண்ணுபவரும் செய்யத் தக்கவை சில உள. படகை வண்டியில் ஏற்றி, லாரிகளுக்கான எடை மேடைக்குக் கொண்டு சென்று நிறுத்தல் வேண்டும். வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் படகின் இன்றைய எடை கிடைக்கும். பின்பு, இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் படகை மிதக்க விட்டு, ஆட்களை ஏற்றாமல், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு கேன் ஏறத்தாழ இருபது கிலோ என்பதால் கணக்கு எளிது. அணியத்திலும் அமரத்திலும் இரு பக்கங்களிலும், விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து குறிக்க வேண்டும். மோட்டார் மாட்டுவதற்காக அமரத்தின் விளிம்பைத் தாழ்வாக வெட்டியிருப்பார்கள்; நீர் முதலில் புகுவது அவ்விடத்தில்தான். அடுத்து, கேன்களைச் சிறிது சிறிதாக ஒரு பக்கத்துக்கு நகர்த்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இறுதியாக, பாரத்தோடு ஓரிரவு விட்டுவைத்து, காலையில் அடித்தட்டில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். இவற்றின் முடிவைப் படகுக் கலை அறிந்த சர்வேயர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் எண்ணையே பலகையில் எழுத வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆபத்து முற்றும் நீங்கிவிடுவதில்லை. பாரம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2009 செப்டம்பர் 30-ஆம் நாள், தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது பழைய படகன்று. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கரையில் நின்ற வனவிலங்குகளைக் காண மேல்தட்டில் இருந்தோர் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்று அன்று செய்திகள் கூறின. உயரத்தில் உள்ள பாரம் ஒருபுறம் நகர்ந்தால், படகு நிமிர்வதற்குரிய ஆற்றலை இழக்கிறது. தசாசுவமேத கட்டத்தில் ஆரத்தி காண்பதற்காகப் படகில் இருப்போர் எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகொன்றில் இன்பச் செலவாகச் சென்ற 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ஆம் நாள், கேரளத்தின் தானூரில் 'அட்லாண்டிக்' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அது மீன்பிடிப் படகாக இருந்து மாற்றியமைக்கப்பட்டது என்று செய்திகள் தெரிவித்தன. வலைக்கும் மீனுக்கும் என்று கட்டிய படகில் பாரம் அடியில் கிடக்கும். மனிதர்களோ எழுவர், நடப்பர், ஒரு பக்கம் ஓடுவர். ஒன்றுக்கு உரிய கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது. இவ்விரு விபத்துகளிலும் ஒரே குடும்பத்தினர் பலர் மாண்டனர் என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நம் பாராளுமன்றம் 2021-ஆம் ஆண்டில் இத்தில்லி மாநகரில்தான் இயற்றியது. பொறியால் இயங்கும் கலங்களை ஆய்வு செய்து பதிவு செய்வதற்கு அது வழி வகுக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-ஆம் ஆண்டில் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஆனால், துறைதோறும் படகுதோறும் அதிகாரி ஒருவர் நிற்க முடியாது. படகில் கால் வைக்கும் அந்தக் கணத்தில், பார்க்க வேண்டியவர் நாமே.

நாம் பார்க்க வேண்டியவை நான்கு. ஏறியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பலகையோடு ஒப்பிடல் வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆளே. படகின் விளிம்பு நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அடித்தட்டில் நீர் கிடக்கிறதா என்று நோக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று உள்ளதா என்று கேட்டு, அணிந்த பிறகே புறப்பட வேண்டும். கரை சேரும் வரை இருந்த இடத்திலேயே அமர்ந்திருத்தல் வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. வேற்று மாநிலத்தில், வேற்று மொழியில், ஊரார் எல்லாரும் ஏறும் படகில் நாம் மட்டும் மறுப்பதா என்ற தயக்கம் நமக்கு இயல்பாக எழும். 'கித்னே லோக்?' என்று கேட்கும் அளவு இந்தி நம் எல்லாருக்கும் தெரியும். விடை மனத்துக்கு ஒவ்வாவிடில், முதியோரையும் பிள்ளைகளையும் கைப்பிடித்துக் கரையிலே இறக்கி விடுவோம். இரண்டு படகாகப் பிரிந்து செல்வோம். அன்றேல், அடுத்த படகு வரும்வரை காத்திருப்போம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சில நூறு ரூபாய். காத்திருக்கும் நேரம் அரை மணி. அவ்வளவே.