வன்னிக் காட்டு வழிப் பிரயாணம்
(சங்கக் கூட்டத்தில் மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



வரும் மாசி மாதத்தில் நாம் எண்மர் வான் ஒன்றில் வன்னிக் காட்டினூடே நான்கு நாட் பிரயாணம் செய்ய உத்தேசித்துள்ளோம். அதற்கான ஆயத்தங்களை எடுத்துரைக்கும்படி தலைவர் அவர்கள் பணித்தார்கள்.

மேல்நாட்டார் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் பொருத்திய வாகனங்களில் வடபுலக் காடுகளை வாரக்கணக்கிற் சுற்றி வருவர். அவர்கள் விரும்பிச் செல்லும் அலாஸ்கா நெடுஞ்சாலை 1942 ஆம் ஆண்டிலே போர்த் தேவைக்காக வெட்டப்பட்டது. 1948 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. படை சென்ற வழியே இன்று பிரயாணிகள் செல்லும் வழியாயிற்று.

எமது வழியோ சிறிது. வெள்ளாங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பித் துணுக்காய், மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. பின்னர் புதுக்குடியிருப்பு, பரந்தன், பூநகரி வழியாக வீடு திரும்புதல். பின் ஆசனங்களைக் கழற்றிப் பாய் விரிக்கவும், தறப்பாளைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிச் சமைக்கவும் வசதி செய்துள்ளோம்.

முதலாவது, காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெருமழை. ஆனி, ஆடியிற் கச்சான் காற்று வீச, நீர்நிலைகள் வற்றும். மாசியிலோ வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் நீர் நிறைந்திருக்கும். ஆதலால் அம்மாதத்தைத் தெரிந்தோம்.

இரண்டாவது, தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் எனின், எண்மருக்கு 40 லீற்றர். இரண்டு நாளுக்குரிய 80 லீற்றரை ஏற்றி, ஊர்களில் மறுபடி நிரப்புவோம்.

மூன்றாவது, யானை. பொழுதுபட்ட பின் வான் ஓடாது.

நான்காவதே முக்கியமானது. யுத்தம் 2009 இல் முடிந்தது, மிதிவெடி முடியவில்லை. இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. வெடியகற்றுவோர் ஆண்டுக்கணக்காக உழைத்து எத்தனையோ காணிகளை மீட்டுத் தந்துள்ளனர். ஆயினும் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் ஓர் அடியும் வைக்கலாகாது. பலகை இல்லாத காட்டிலும், ஊரவரைக் கேளாமல் விறகு பொறுக்கவோ, பாலைப்பழம் ஆயவோ இறங்கலாகாது. இராத் தங்கல், கேட்டு அனுமதி பெற்ற கோயில் வீதியிலும் பாடசாலை வளவிலும் மாத்திரமே.

இப்பட்டியலை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மிஷன் பாடசாலையிற் பூகோளம் படித்தவன் என்ற பெருமிதம் எனக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தப் பாதையாலை நாங்கள் போனது உனக்கு ஞாபகம் இருக்கே?" என்றார்.

2008 இல் நான் ஐந்து வயதுப் பிள்ளை. உழவு இயந்திரப் பெட்டியிற் கூரைத் தகரம், ஏனங்கள், நெல் மூட்டை எல்லாம் அடுக்கி, அவற்றின் மேல் என்னை இருத்தினார்களாம். கிழமையொன்றில் திரும்பிவிடலாம் என்று எண்ணிக் கிணற்று வாளியைக் கயிற்றோடு விட்டுச் சென்றார்களாம். திரும்ப இரண்டு ஆண்டுகளாயின. தகரமும் வரவில்லை, பெரியப்பாவும் வரவில்லை.

நான் புதுமை என்று எண்ணிய பிரயாணத்தை, வீட்டையே ஏற்றிக்கொண்டு, திட்டமேதுமின்றி, எம் பெற்றோர் முன்னமே செய்துவிட்டனர். நாம் காடு என்பது, மழையில் அவர்கள் தறப்பாள் கட்டிச் சோறு காய்ச்சிய இடம்.

அன்றிரவு பட்டியலைத் திருத்தினேன். எண்மர் எழுவராயினோம், நண்பர் ஒருவர் தமது ஆசனத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். அம்மாவை அழைத்திருக்கிறோம். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முல்லைத்தீவுக் கடற்கரையிற் பெரியப்பாவுக்கு ஒரு விளக்கு ஏற்றும்படி சொல்லியிருக்கிறார். அவர் வராவிடினும் அந்த ஆசனம் வெறுமையாகவே செல்லும்.

பெரியோர்களே, வழிப்படம் வாசல் மேசையில் இருக்கிறது; பக்கத்திற் பென்சிலும் உண்டு. நீங்கள் தங்கிய இடங்களையும், உங்களுக்குத் தண்ணீர் தந்த கிணறுகளையும் தயவுசெய்து குறித்துத் தாருங்கள். அவ்விடங்களில் வானை நிறுத்துவோம், பாட்டையும் நிறுத்துவோம்.