சட்டம் மாறும்போது குடும்பம்: சிலாபக் கரையும் இத்தாலியும்

புத்தளம் மாவட்டத்தின் தென்கரையில், தென்னந்தோப்புகளுக்கும் கடலுக்கும் இடையே சிலாபம், மாரவில, நாத்தாண்டிய, வென்னப்புவ என்று நீண்டு செல்லும் கத்தோலிக்க ஊர்களிலிருந்து 1970-களின் நடுப்பகுதி முதல் இத்தாலிக்குச் சென்று குடியேறியோரின் வரலாறு, ஒரு நாட்டின் குடிவரவுச் சட்டம் திருத்தப்படும்போது கடல் கடந்த இன்னொரு நாட்டின் வீடுகளில் என்ன நிகழ்கிறது என்பதற்குத் தெளிவான சான்றாக விளங்குகிறது. முதலில் சென்றவர்களுள் பெரும்பாலோர் திருச்சபைத் தொடர்புகளின் வழியாக வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் சென்ற பெண்கள்; கணவரும் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் அவர்களுக்குப் பின்னரே புறப்பட்டனர். இன்று இத்தாலியில் சட்டப்படி வதியும் இலங்கையர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோராக, மிலானோ, ரோம், நாப்போலி, வெரோனா, கத்தானியா முதலிய நகரங்களில் பரவியுள்ளனர். அங்கிருந்து வந்த பணத்தால் எழுந்த இத்தாலியப் பாணி வீடுகளின் காரணமாக வென்னப்புவப் பகுதிக்குச் 'சின்ன இத்தாலி' என்னும் பெயரும் நிலைத்துவிட்டது.

இவர்களுள் பலர் உரிய அனுமதியின்றி நுழைந்தவர்கள், அல்லது விசாக் காலம் முடிந்த பின்னும் தங்கியவர்கள். அத்தகையோருக்கு இத்தாலிய அரசு அவ்வப்போது பொதுவான ஒரு வாய்ப்பை அறிவித்து, குறித்த திகதிக்கு முன் நாட்டில் இருந்ததையும் வேலை உள்ளதையும் நிரூபிப்போருக்கு வதிவிட அனுமதி வழங்கும் முறை, சட்டபூர்வமாக்கல் எனப்படுகிறது. 1986, 1990, 1995, 1998, 2002, 2009, 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு கதவு திறந்தது. ஆனால் அடுத்து எப்போது திறக்கும், திறக்குமா என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. அனுமதி இல்லாதவர் ஊருக்கு வந்தால் திரும்பிச் செல்ல இயலாது என்பதால், இரண்டு வாய்ப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோரின் இறுதிச் சடங்கும் பிள்ளைகளின் வளர்ச்சியும் அவர் இல்லாமலேயே கடந்தன. 2009-ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அனுமதியற்ற நுழைவையும் தங்கலையும் 5,000 முதல் 10,000 யூரோ வரை தண்டம் விதிக்கத்தக்க குற்றமாக்கிய அதே நாடாளுமன்றம், ஓகஸ்ட் மாதத்தில் வீட்டுப் பணியாளருக்கும் முதியோரைப் பராமரிப்போருக்கும் சட்டபூர்வமாக்கலை அறிவித்தமை, அந்நாட்டின் கொள்கை அச்சத்துக்கும் தேவைக்கும் இடையே ஊசலாடியதைக் காட்டுகிறது.

அனுமதி கிடைத்த பின்னும் குடும்பத்தின் நிலை உறுதியாவதில்லை. 'பொசி-பினி சட்டம்' என அறியப்படும் 2002-ஆம் ஆண்டின் 189-ஆம் இலக்கச் சட்டம், வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்துடன் இறுகப் பிணைத்தது. வேலை இழந்தவருக்குப் புதிய வேலை தேட அது அளித்த ஆறு மாத அவகாசம், 2012-இல்தான் ஓராண்டாக நீட்டப்பட்டது. குடும்ப அனுமதி பெற்ற மனைவியினதும் பிள்ளைகளினதும் அனுமதிக் காலம் வேலை செய்பவரின் அனுமதிக் காலத்தையே பின்பற்றுவதால், ஒருவரின் வேலையிழப்பு நான்கு பேரின் சட்ட நிலையை ஒருங்கே அசைத்துவிடுகிறது.

வெளிநாட்டில் சட்டப்படி வதிபவர் தம் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் வரவழைத்துக்கொள்ளும் உரிமை, குடும்ப ஒருங்கிணைவு எனப்படும். இத்தாலியில் இதற்குப் போதிய வருமானமும், வீடு தகுதியானது என்னும் மாநகர சபைச் சான்றும் வேண்டும். அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காட்டவேண்டிய வருமானத் தொகை உயர்ந்துகொண்டே போகும். இவ்வுரிமையின் எல்லை சட்டந்தோறும் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு நெறியாணைக்கு இணங்க 2007-இல் தளர்த்தப்பட்ட விதிகள், 2008-இல் மீண்டும் இறுக்கப்பட்டன: சொந்த நாட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் பெற்றோரை அழைப்பது அரிதாயிற்று, பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளை, முற்றான இயலாமை உடையோர் தவிர, அழைக்க இயலாதாயிற்று, உறவை நிறுவும் பத்திரங்களில் ஐயம் எழுந்தால் விண்ணப்பதாரரின் செலவிலேயே மரபணுச் சோதனை செய்யும் ஏற்பாடும் வந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய 187-ஆம் இலக்கச் சட்டம், பராயமடையாத பிள்ளைகளுக்கு விலக்களித்தபோதிலும், ஏனைய உறவினரை அழைக்க விரும்புவோர் முதலில் ஈராண்டு தொடர்ச்சியாகச் சட்டப்படி வதிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. புதிதாக மணம்புரிந்து தனியே புறப்படும் ஒருவருக்கு, இந்த ஒரு வரி இரண்டு ஆண்டுப் பிரிவாகிறது.

பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. இத்தாலியில் பிறந்தமை மட்டுமே இத்தாலியப் பிரசாவுரிமையைத் தருவதில்லை. 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கு பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை பதினெட்டு வயது வரை இடையறாது சட்டப்படி வதிந்து, அவ்வயதை அடைந்த ஓராண்டுக்குள் விருப்பத்தை அறிவிக்க வேண்டும். தாயும் தகப்பனும் முழுநேர வேலையில் இருப்பதால் குழந்தையைச் சில ஆண்டுகள் ஊரில் பாட்டியிடம் வளரவிடும் வழக்கம் இக்கரையோர ஊர்களில் பரவலாக உள்ளது. அன்பினாலும் தேவையினாலும் எடுக்கப்படும் அம்முடிவு, 'இடையறாத வதிவு' என்னும் நிபந்தனையை முறித்து, பின்னாளில் அப்பிள்ளையின் உரிமையைக் கேள்விக்குள்ளாக்கக் கூடியது. பெற்றோரோ அலுவலகமோ பதிவில் விட்ட தவறுகளைப் பிள்ளையின் மேல் சுமத்தலாகாது என்றும், பதினெட்டு வயது நிறைவதற்கு முன் அவருக்கு இவ்வுரிமையை நகரப் பதிவகம் அறிவிக்க வேண்டும் என்றும் 2013-இல் செய்யப்பட்ட ஏற்பாடு, இத்துறையில் நேர்ந்த குறிப்பிடத்தக்க தளர்வாகும்.

ஊரில் பிறந்து சிறு வயதில் சென்ற பிள்ளைகளுக்கு இவ்வழி இல்லை. அவர்கள் பத்தாண்டு வதிந்து விண்ணப்பிக்கலாம், அல்லது பராயமடைவதற்கு முன் பெற்றோருள் ஒருவர் பிரசாவுரிமை பெற்றால் அதன்வழி பெறலாம். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்தாண்டாக இருந்த வதிவுக் காலத்தை இரட்டிப்பாக்கியது 1992-ஆம் ஆண்டுச் சட்டமே. 2018-இல் இத்தாலிய மொழித் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டு, விண்ணப்பத்தை ஆராயும் காலம் நாற்பத்தெட்டு மாதங்களாக நீட்டப்பட்டது. 2020-இல் அது இருபத்துநான்கு மாதங்களாகவும், தேவைப்படின் முப்பத்தாறாகவும் குறைக்கப்பட்டது. பத்தாண்டை மீண்டும் ஐந்தாண்டாக்கக் கோரி 2025 யூன் 8, 9 ஆம் திகதிகளில் நடந்த பொதுசன வாக்கெடுப்பில் ஏறத்தாழ முப்பது வீதத்தினரே வாக்களித்ததால், வேண்டிய பாதி அளவு எட்டப்படாமல் அம்முயற்சி தோற்றது. அதே ஆண்டின் 74-ஆம் இலக்கச் சட்டமோ, பெற்றோர்வழி உரிமை பெறும் பிள்ளை, பெற்றோர் பிரசாவுரிமை பெறும் நாளில் குறைந்தது ஈராண்டு அங்கு சட்டப்படி வதிந்திருக்க வேண்டும் என்னும் புதிய நிபந்தனையையும் சேர்த்தது.

இலங்கைச் சட்டமும் இவ்விடயத்தில் நடுநிலையாக இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழிப் பிரசாவுரிமையைத் தந்தையின் வழியாகவே வழங்கியது. முதலில் பெண்களே புறப்பட்ட ஒரு கரையோரத்துக்கு இது பெருங்குறையாக இருந்தது. 2003-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தமே தாய்க்கும் அவ்வுரிமையைச் சமமாக அளித்தது. எனினும் அப்பிறப்பு ஓராண்டுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் காலநீடிப்புக் கோரலாம். வேறு நாட்டுப் பிரசாவுரிமையைத் தாமாகப் பெறுவோர் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பர். 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த இரட்டைப் பிரசாவுரிமை விண்ணப்பத்தாலேயே அதைக் காத்துக்கொள்ளவோ மீட்கவோ முடியும். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்ல முயன்ற தாய்மாரை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தடுத்த 2013-ஆம் ஆண்டின் குடும்பப் பின்னணி அறிக்கை முறையையும், 2022-இல் அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டதையும் இதனுடன் சேர்த்து நோக்கினால், புறப்படும் நாட்டிலும் சேரும் நாட்டிலும் பிள்ளையின் வயதே குடும்பத்தின் விதியை அளக்கும் கோலாக வைக்கப்பட்டிருப்பது விளங்கும்.

சட்டங்கள் எவ்வளவு இறுகினாலும் எஞ்சி நிற்கும் உரிமைகள் உண்டு. இத்தாலியில் அனுமதியற்ற பெற்றோரின் பிள்ளைக்கும் பாடசாலைக் கல்வி உண்டு; அனுமதியற்றவருக்கும் அவசர, இன்றியமையாத மருத்துவம் உண்டு; கருவுற்ற பெண்ணையும், பிரசவத்தின் பின் ஆறு மாதம் வரை அவரையும் உடன் வாழும் கணவரையும் வெளியேற்றலாகாது. மணமுறிவோ துணைவரின் மரணமோ நேர்ந்தால், குடும்ப அனுமதியை வேலை அனுமதியாக மாற்றக் கோரலாம். பிள்ளையின் உடல், உள வளர்ச்சிக்குக் கடும் பாதிப்பு நேரும் எனில், அனுமதியற்ற பெற்றோரும் குறித்த காலம் தங்குவதற்குச் சிறார் நீதிமன்றம் இசைவளிக்கலாம். அனுமதியைப் புதுப்பிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்கையில் குடும்பப் பிணைப்பைக் கருதவேண்டும் என்னும் பாதுகாப்பு, முறைப்படி குடும்ப ஒருங்கிணைவைக் கோராதவருக்கும் உரியது என 2013-இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தின் 8-ஆம் உறுப்புரை குடும்ப வாழ்வுக்கான மதிப்பை உறுதிசெய்கிறது. ஆனால் இவ்வுரிமைகளை நிலைநாட்டவும் காலவரையறை உண்டு: வெளியேற்ற ஆணையை அந்நாட்டில் இருப்பவர் முப்பது நாட்களுக்குள்ளும், அனுமதி மறுப்பை நிர்வாக நீதிமன்றத்தில் அறுபது நாட்களுக்குள்ளும் எதிர்க்க வேண்டும்.

குடும்பம் தன்னை ஒரே அலகாக எண்ணி வாழ்கிறது; குடிவரவுச் சட்டமோ அதன் உறுப்பினர் ஒவ்வொருவரையும் தனித்தனித் திகதியால் அளக்கிறது. ஆகவே உரிமையின் பெரும்பகுதி திகதியிலும் பத்திரத்திலும் அடங்கியுள்ளது. பிறப்பு, விவாகப் பத்திரங்களிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே வகையில் எழுதப்பட்டிருப்பதை இப்போதே சரிபார்ப்பதும், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ரோமிலுள்ள தூதரகத்திலோ மிலானோவிலுள்ள கொன்சியூலர் அலுவலகத்திலோ ஓராண்டுக்குள் பதிவதும், பிள்ளையை நெடுங்காலத்துக்கு ஊருக்கு அனுப்புமுன் சட்ட ஆலோசனை பெறுவதும், பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முன் உரிய விண்ணப்பங்களை ஆயத்தம் செய்வதும், இக்கரையிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் தவறாது செய்யவேண்டிய கடமைகளாகும்.