2002: எதிர்பார்த்த படமும் எதிர்பாராத படமும்

(இளைஞர் சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



"நம்முடைய மேடையில் சினிமாப் பேச்சா?" என்று முன்வரிசையில் பெரியவர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. சினிமா பாருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பார்க்காதீர்கள் என்று உபதேசம் செய்யவும் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அரசியல் பேசப் புறப்பட்ட ஒருவன், டிக்கெட் கவுண்டர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போய்விட முடியுமா? அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மையார், ஜெயலலிதா ஆகிய ஐந்து முதல்வர்களும் ஏதோ ஒரு வகையில் சினிமாவோடு தொடர்புடையவர்கள்தானே!

ஆண்டு முடிந்தால் பத்திரிகைகள் பட்டியல் போடும். மக்களுக்குப் பிடித்த படம் எது, ஏமாற்றிய படம் எது என்று டீக்கடையிலும் விவாதம் நடக்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் 2002ஐ நான் மறக்கவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று 'பாபா' வெளியானது. 1999இல் வந்த 'படையப்பா'வுக்குப் பிறகு மூன்றாண்டுகள் ரஜினிகாந்தின் தமிழ்ப் படமே இல்லை. கதை, தயாரிப்பு இரண்டும் அவருடையவை. இயக்கியவர் 'அண்ணாமலை', 'பாட்ஷா' படங்களைத் தந்த சுரேஷ் கிருஷ்ணா. இசை ஏ.ஆர்.ரஹ்மான். இதற்கு மேல் என்ன வேண்டும்? இதெல்லாம் போக, அரசியல் எதிர்பார்ப்பு வேறு. 1996 தேர்தலில் தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாக அவர் குரல் கொடுத்ததிலிருந்து, "தலைவர் எப்போது வருவார்?" என்று ரசிகர் மன்றங்கள் காத்துக் கிடந்தன. இந்தப் படத்தில் பதில் இருக்கும் என்று பேச்சு.

நான் அப்போது கல்லூரி மாணவன். விடுதியில் என் அறை நண்பன் ரஜினி பக்தன். ஒரு படத்தை மூன்று முறையாவது பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. பிளாக்கில் பல மடங்கு விலை கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கிவந்தான். அந்தக் காசு அவனுடைய ஒரு மாத மெஸ் செலவுக்கு வைத்திருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தோம். வழக்கமாக வாசலிலேயே வசனம் பேசிக்காட்டுகிறவன் பஸ் ஸ்டாண்டு வரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "தலைவர் நல்லாத்தான் பண்ணியிருக்கார்..." என்று இழுத்தான். அவ்வளவுதான். இரண்டாம் முறை போகவில்லை.

நாத்திகம் பேசித் திரியும் இளைஞனுக்கு இமயமலை மகான் ஏழு மந்திரங்கள் தருகிறார். முதல் சில மந்திரங்களை அவன் பட்டம் விடுவது போன்ற அற்பக் காரியங்களில் வீணாக்குகிறான். 'பாட்ஷா'வைத் தேடிவந்தவன் இதை எப்படி ஏற்பான்? கடைசிக் காட்சியில் நாயகன் மகானோடு போகாமல் மக்களை நோக்கித் திரும்புகிறான். அத்தோடு படம் முடிந்துவிட்டது. திரும்பி என்ன செய்தான்? அதைத்தானே சகோதரர்களே அவர்கள் பார்க்க வந்தார்கள்!

பெட்டி பறிபோனதால் தோற்றதா?

புகை பிடிக்கும், குடிக்கும் காட்சிகளைக் கண்டித்து மருத்துவர் ராமதாஸ் அவர்களின் பாட்டாளி மக்கள் கட்சி அந்தப் படத்தை எதிர்த்தது. கண்டிப்பது வேறு. ஆனால் வட மாவட்டங்களில் திரையரங்குகள் தாக்கப்பட்டன, படப்பெட்டி பறிக்கப்பட்டது. இதனால்தான் படம் தோற்றது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு.

நான் ஏற்க மாட்டேன். கல்லே விழாத ஊர்களிலும் படம் ஓடவில்லையே! எங்கள் ஊரில் ஒரு போஸ்டர்கூடக் கிழிபடவில்லை. அங்கேயும் இரண்டாவது வாரத்தில் நாற்காலிகள் காலி. படத்தைத் தடுக்க வந்தவர்களை விட, படத்தைப் பார்த்தவர்களின் தீர்ப்புதான் கடுமையாக இருந்தது.

யாருக்கு நஷ்டம் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-குமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படத்தை விற்பார்கள். 'மினிமம் கியாரண்டி' என்றொரு முறை. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகையை விநியோகஸ்தர் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அவர் தியேட்டர்காரரிடம் அட்வான்ஸ் வாங்குவார். தியேட்டர்காரர் வட்டிக்கு வாங்கித் தருவார். கடைசியில் டிக்கெட்டின் விலையில் வந்து அத்தனை பாரமும் இறங்கும். நடிகரின் பெயர் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய கடன்! நூறு ரூபாய்க்கு விற்ற எதிர்பார்ப்பை ஐம்பது ரூபாய் படத்தால் தீர்க்க முடியாது. ஏமாற்றம் என்று நாம் சொல்வதில் பாதி, இந்தக் கணக்குதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயவான் அல்ல. நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் என் நண்பனின் மெஸ் காசை யார் திருப்பித் தருவார்கள்?

சரி, அதே ஆண்டு மக்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்ட படம் எது? வசூலைக் கேட்டால் விக்ரம் நடித்த 'ஜெமினி' என்பார்கள். உண்மைதான், தெருவெல்லாம் அந்தப் பாட்டுதான். ஆனால் நான் சொல்ல வந்தது 'அழகி'.

பொங்கலுக்கு வந்த படம். ஒளிப்பதிவாளர் தங்கர் பச்சான், 'கல்வெட்டு' என்ற தன்னுடைய சிறுகதையை வைத்து முதன்முதலாக இயக்கியது. எடுத்து முடித்தபின் வாங்க ஆளில்லாமல் திண்டாடிய படம்! பார்த்திபன், தேவயானி, நந்திதா தாஸ். பள்ளிக்கூடத்தில் நேசித்த தனலட்சுமியைப் பல வருடங்கள் கழித்துச் சென்னையில் நடைபாதைவாசியாக, கையில் ஒரு பிள்ளையோடு காண்கிறான் சண்முகம். அவனுக்கு மனைவி, குழந்தைகள், வீடு எல்லாம் ஆகிவிட்டன. அவளைத் தன் வீட்டுக்கே வேலைக்காரியாக அழைத்து வருகிறான். அதற்கு மேல் அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. அவளும் ஒருநாள் போய்விடுகிறாள். சண்டை இல்லை, சவால் இல்லை. இளையராஜாவின் இசையில் சாதனா சர்கம் பாடிய பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தப் படத்துக்கு யாரும் கட் அவுட் வைக்கவில்லை, யாரும் பாலூற்றவில்லை. பார்த்தவன் வீட்டுக்குப் போய் இன்னொருவனிடம் சொன்னான். அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். நம் ஊர்க் கூடத்தில் உடன் படித்த பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ என்று எத்தனை பேர் நினைத்தார்கள்! யாரும் எதையும் எதிர்பார்க்காத இடத்தில் தன் சொந்த வாழ்க்கையே கிடைத்தால், மனிதன் கொடுத்த காசை மறந்துவிடுகிறான்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆறு தேசிய விருதுகள் வாங்கியது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் 'அழகி'க்குத்தான்.

தீபாவளிக்கு விஜயகாந்தின் 'ரமணா' வந்தது. பாகிஸ்தான் தீவிரவாதியைப் பிடிக்கும் நாயகன் என்று கேலி பேசப்பட்டவர் அவர். அந்தப் படங்களைப் பற்றி நமக்கு இருந்த வருத்தம் உங்களுக்குத் தெரியும். முருகதாஸ் இயக்கிய இந்தப் படத்தில் எதிரி யார்? லஞ்சம்! இறந்துபோனவரின் உடலுக்கு 'சிகிச்சை' செய்து பில் போடும் மருத்துவமனைக் காட்சியில் அரங்கமே கொதித்தது. கொதித்தவர்களில் நம் சகோதரர்களும் இருந்தார்கள். தெலுங்கில் 'தாகூர்', இந்தியில் 'கப்பர் இஸ் பேக்' என்று அது பிறகு போனது.

இனிமேல்தான் விஷயம். 2004 மக்களவைத் தேர்தலில், பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் அதைத் தோற்கடிக்க ரஜினி ரசிகர்கள் களமிறங்கினார்கள். 'பாபா' காயம் ஆறவில்லை அல்லவா? முடிவு என்ன? ஆறிலும் பா.ம.க. வென்றது! அதற்கடுத்த ஆண்டே, 2005 ஏப்ரலில், 'சந்திரமுகி' வந்தபோது இதே தமிழ்நாடு வரிசையில் நின்று ரஜினியைக் கொண்டாடியது. மக்கள் குழம்பினார்களா? இல்லை. தியேட்டரில் ஒரு கணக்கு, வாக்குச்சாவடியில் ஒரு கணக்கு. இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விஜயகாந்த் 2005இல் கட்சி தொடங்கினார். 2006இல் விருத்தாசலத்தில் வென்றார். 2011இல் எதிர்க்கட்சித் தலைவரானார். ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருகிறேன் என்றார். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைக் காட்டி வரவில்லை என்றார். அன்று மாலை என் பழைய அறை நண்பனுக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போது அவன் பள்ளி ஆசிரியர். "பாபா முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோமே, அன்னைக்கே எனக்குத் தெரியும்டா" என்றான்.

2022 டிசம்பரில் 'பாபா'வை மறுபடி வெட்டித் தொகுத்து வெளியிட்டார்கள். போய்ப் பார்த்தாயா என்று அவனிடம் கேட்டேன். "டிக்கெட் என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்டான்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.