ஆடியவர்களே கட்டிய அரங்கம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுப்பா, ஆனா தூக்கம் வராம பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். அதனால் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஆன்லைன் கேம் என்றாலே எங்கோ ஒரு கம்பெனிக்காரன் செய்து நம் பிள்ளைகள் தலையில் கட்டியது என்று நினைக்கிறோம். பாதி சரி. மீதிப் பாதியைச் செய்தவர்கள் அதை ஆடியவர்கள்தான், அதுவும் சம்பளம் வாங்காமல். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது சதுரங்கம். ஆனந்தையும் குகேஷையும் தந்த சென்னையில் நின்றுகொண்டு வேறு எதை எடுப்பது?

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. மாணவர்களுக்கென்று மலிவாக ஒரு கணக்கு உண்டு. அதில் படம் வராது, எழுத்து மட்டும்தான் வரும். குரோம்பேட்டையில் என் வகுப்புத் தோழன் வீட்டில் அந்த இணைப்பு இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ரயில் ஏறி அங்கே போய்விடுவோம். மோடம் கிர்ரென்று கத்தி ஓய்ந்ததும் திரையில் கோடும் புள்ளியுமாக ஒரு பலகை வரும். குதிரைக்கு ஓர் எழுத்து, யானைக்கு ஓர் எழுத்து. எதிரே ஆடுபவர் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாது. "ஃபோன் பில் யாருடா கட்டறது?" என்று அவன் அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். படமே வராத அந்தக் கணக்கு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அந்த அரங்கமே எழுத்தாலானது.

அதை முதலில் கட்டியவர்கள் மைக்கேல் மூர், ரிச்சர்ட் நாஷ் என்ற இருவர். 1992 ஜனவரியில் அது திறந்தது. யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாக ஆடலாம். பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் புரோகிராம் எழுதும் பொறுப்பை ஏற்று, அதைப் பெரிதும் செப்பனிட்டார். அவரும் ஆட வந்தவர்தான். அங்கே ஆட வந்தவர்கள் சும்மா ஆடிவிட்டுப் போகவில்லை. எழுத்துப் பலகை கண்ணை உறுத்துகிறது என்று சிலர் படமாகக் காட்டும் புரோகிராம்களை எழுதினார்கள். சிலர் நிர்வாகிகளாக இருந்து சண்டைகளைத் தீர்த்தார்கள். நாலு பேர் ஜோடி சேர்ந்து, பார்ட்னர் வெட்டிய காயை நம் பலகையில் இறக்கி ஆடும் ஆட்டம் உண்டே, நம் விடுதியில் பரீட்சைக்கு முந்தைய நாள்கூட நடக்குமே, அதுவும் அரங்கத்தில் ஏறிவிட்டது. எந்தச் சம்மேளனமும் சிபாரிசு செய்யவில்லை. ஆடியவர்களின் ஆசைதான்.

1995 மார்ச் மாதம் சிக்கல் வந்தது. ஸ்லீட்டர் அரங்கத்தை ஒரு நிறுவனமாக்கி, 'இன்டர்நெட் செஸ் கிளப்' என்று பெயரிட்டு, ஆண்டுச் சந்தா 49 டாலர் என்று அறிவித்தார். நாங்கள் ஆட வந்த 1996இல் அது 1,700 ரூபாய்க்கு மேல். வீட்டில் கேட்கக்கூடிய தொகையா அது? ஆனால் அங்கே இருந்தவர்களுக்குப் பணத்தைவிட வேறொன்றுதான் வலித்தது. "நாங்களும் சேர்ந்து எழுதியது, நாங்களும் சேர்ந்து காத்தது, அதை நீ எப்படி விற்கலாம்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. முந்தைய அரங்கத்துக்காக உழைத்த புரோகிராமர்களில் சிலர் அந்த மாதமே பிரிந்து, சந்தா இல்லாத அரங்கம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். குரோம்பேட்டையில் நாங்கள் ஆடியது அதில்தான். பெயரிலேயே 'இலவசம்' உண்டு.

ஸ்லீட்டரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. இரவு பகலாக எழுதியவர் அவர். மெஷினுக்கும் லைனுக்கும் பணம் வேண்டும். சந்தா கட்டிய அரங்கமும் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் பிரிந்து போனவர்களின் கேள்வி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். நம் விடுதி நாடகத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்து செட் போட்டோம். மறுவருஷம் வாசலில் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? (இந்த மலரை இரவெல்லாம் விழித்துத் தயாரித்த நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.)

ஒரு விஷயத்தில் ஸ்லீட்டருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஐந்து நிமிட ஆட்டத்தில், நாம் நகர்த்திய செய்தி கடல் தாண்டிப் போய்ச் சேரும் நேரமும் நம் கடிகாரத்திலேயே கழிந்தால், தாம்பரத்துக்காரன் யோசிப்பதற்கு முன்பே தோற்றுவிடுவான். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடுபவரின் பக்கத்திலேயே ஒரு சின்ன புரோகிராம் இருந்து, எதிராளியின் நகர்த்தல் எப்போது வந்தது, இவர் எப்போது பதில் கொடுத்தார் என்று குறித்து அனுப்பும். யோசித்த நேரம் மட்டும் கணக்கில் வரும். இலவச அரங்கத்தாரும் தங்களுக்கென்று அப்படி ஒன்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் இணைப்பே அறுந்துபோனால் அதுவும் உதவாது. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் ரஷ்யாவோடு மோதிய நம் அணியில் இருவர் அப்படித்தான் நேரத்தில் தோற்றார்கள். கடைசியில் இரண்டு நாடுகளுக்குமே தங்கம் என்று அறிவித்தார்கள்.

கம்பெனிகள் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்ட கதையும் உண்டு. 2000க்குப் பிறகு படித்தவர்களுக்கு பிரவுசிங் சென்டர்களில் ஆடிய 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஞாபகம் இருக்கும். அது 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு ரசிகர்கள் 1999இல் கட்டியது. வால்வ் கம்பெனி வழக்குப் போடவில்லை. உரிமையை வாங்கி, அவர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. எல்லோரும் ஆடிய அந்த மணல் நிறத் தெரு இருக்கிறதே, 'டஸ்ட்', அதை வரைந்தவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துப் பையன். அப்போது அவருக்குப் பதின்ம வயதுதான்.

சதுரங்கத்துக்கே திரும்புகிறேன். 2010இல் திபோ டுப்லெசி என்ற பிரெஞ்சுக்காரர் 'லிசெஸ்' தொடங்கினார். 1995 சண்டை மறுபடி வராதபடி இதில் ஒரு பூட்டு உண்டு. மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து வேறு அரங்கம் கட்டலாம், தாம் திருத்தியதையும் அதேபோல் திறந்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விளம்பரம் இல்லை, செலவுக்கு நன்கொடை. அதில் நாம் வழக்கமாகப் பார்க்கும் காய்களின் படம், காலின் பர்னெட் என்பவர் விக்கிபீடியாவுக்காக வரைந்து கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் "எங்கே கோட்டைவிட்டேன்?" என்று பொத்தானை அழுத்துகிறோமே, அந்த ஆய்வுக்கான கணக்கை ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கடன் கொடுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

மொழிபெயர்ப்பும் அப்படித்தான். தமிழிலும் லிசெஸ் உண்டு, ஆர்வலர்கள் உட்கார்ந்து செய்தது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையோடு போட்டோ எடுத்துக்கொண்ட நம் பிள்ளைகளில் சிலராவது அந்தத் தமிழ்ப் பக்கத்தில் ஆடியிருப்பார்கள்.

இதில் தமிழ்த்துறைப் பெரியவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. மூலையில் நிற்கும் காய்க்குத் தமிழில் என்ன பெயர்? எங்கள் வீட்டில் யானை. என் மனைவி வீட்டில் கோட்டை. தேர் என்பவரும் உண்டு. பக்கத்துவீட்டுப் பெரியவருக்கு ராணியே மந்திரி. எந்தக் கம்பெனியும் இதைத் தீர்த்து வைக்கப்போவதில்லை. ஆடுகிறவர்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தேர்ந்து எழுதினால் அதுதான் நிற்கும், இன்னொருவர் வந்து மாற்றும் வரைக்கும். அந்த ஒருவர் நம் கல்லூரிக்காரராக இருந்தால் எனக்குச் சந்தோஷம். இங்கே கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், சொல் தெரிந்த ஐயாக்களும் இருக்கிறார்கள்.

சமையல்காரர் இரண்டாம் முறை எட்டிப் பார்த்துவிட்டார். யானையா கோட்டையா என்பதைப் பந்தியில் பேசிக்கொள்வோம்.