வீரம்மாவின் சிரிப்பு

(வடலூரில் இளைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வடலூரில் நின்றுகொண்டு வள்ளலாரைப் பேசாமல் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். 1867-இல் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு சாதி கேட்காமல் சோறு போட்டது. அதற்கு நூறாண்டுக்குப் பிறகும், இங்கிருந்து இரண்டு மணிநேரப் பேருந்துத் தொலைவில், புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. அந்தச் சேரிக்குப் போய் உட்கார்ந்து கேட்ட ஓர் ஆய்வாளரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஜோசியான் ரசீன். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பிரெஞ்சில் எழுதியவர், மக்கள் இசையை ஆராய்ந்தவர். அவருக்குத் தன் கதையைச் சொன்னவர் வீரம்மா. பறையர் சமூகத்துப் பெண். ரெட்டியார் நிலத்தில் கூலி வேலை, பிரசவம் பார்ப்பது, நடவிலும் சாவிலும் பாடுவது என வாழ்ந்தவர். நூலில் அவர் ஊர் கரணி. பத்தாண்டுக் காலம் சொல்லச் சொல்லப் பதிவானது. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர், மிஞ்சியவர்கள் மூவர். ஒப்பாரி அவருக்குக் கலை மட்டுமா, சொல்லுங்கள்!

1995-இல் பாரீசில் பிளோன் பதிப்பகம் இதை நூலாக்கியது. லெவி-ஸ்ட்ரோசின் நூல் வெளிவந்த அதே வரிசையில்! 1997-இல் இலண்டனின் வெர்சோ ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அட்டையில் முதல் பெயர் வீரம்மா. அதன் பிறகுதான் ஜோசியான், அவர் கணவர் ழான்-லுக் ரசீன். நம் நாட்டுப்புறவியல் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். பாடிய கிழவி எங்கே இருப்பார்? கடைசிப் பக்கத்தில், 'தகவலாளர்' பட்டியலில், வயதோடும் சாதியோடும். தொகுத்தவருக்கு முனைவர் பட்டம்.

பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் 'ஒரு பரியா வாழ்க்கை'. பறையர் என்ற நம் சொல்லைத்தான் ஐரோப்பியர் கொண்டுபோய், ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் அகராதிச் சொல்லாக்கினார்கள். அந்தச் சொல்லுக்குள் உண்மையில் யார் இருந்தார்கள் என்று பாரீசுக்குச் சொன்னது இந்தப் புத்தகம். துணைத்தலைப்பு, அடிமைப்பட்டோரின் சிரிப்பு.

இந்த நூலைப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "இந்தம்மா ஏன் எதிர்க்கவில்லை?" நியாயமான கேள்வி. வீரம்மா தெய்வத்தையும் தலையெழுத்தையும் நம்புகிறார். ஆண்டைக்கு மரியாதை தருகிறார். புதிய அரசியல் பேசும் மகன் அன்பனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஜோசியான் நினைத்திருந்தால் அங்கங்கே வெட்டி, தட்டி, நமக்குப் பிடித்த ஒரு போராளியைச் செய்து கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. தாயின் பேச்சும் மகனின் கோபமும் ஒரே நூலில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவருடைய நேர்மையாக நான் மதிப்பது இதைத்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1966-இல் வந்த தன் நூலில் சாதியைத் தூய்மை, தீட்டு என்ற அடுக்காக விளக்கினார். அடுக்கில் இருப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டதுபோன்ற தோற்றம் அதில் வரும். 'பாருங்கள், வீரம்மாவே ஏற்கிறாரே' என்று யாரும் தூக்கிக் காட்டலாம். ஆனால் ஏற்றுக்கொண்டவருக்கு அவ்வளவு கேலி எங்கிருந்து வருகிறது? ஆண்டை முன் குனிந்தவர்கள் சேரிக்குத் திரும்பியதும் அவர் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பதை என் அம்மாவின் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். பட்டினி தெரிந்தவர்கள் பணிவை எங்கே காட்ட வேண்டும், எங்கே கழற்றி வைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழில் சொன்னது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலமாகி நம் கைக்கு வருகிறது. 'சாமி' என்று இவர் விளிப்பதும் 'ஏ புள்ள' என்று அவர் கூப்பிடுவதுமாக, நம் பேச்சில் சாதி ஒட்டியிருக்கும் இடங்கள் பல. பிரெஞ்சில் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. ஆங்கிலத்துக்கு வந்தால் அதுவும் போச்சு.

அதனால் நம் பாட்டிகளிடம் தமிழிலேயே கேட்போம். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். முதலில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் பக்கத்துத் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். செல்பேசியில் பதிந்த நான்கைந்து ஒப்பாரிகள் இருக்கின்றன. எழுத்தில் இறக்க ஆள் வேண்டும்.